வட்டிக்குத் தேங்காய்

நான் கவுண்டரில் வேலை பார்க்கும் நிதி நிறுவனம் மூழ்கியபோது அரசாங்கம்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டது. அரசாங்கம் என்றால் நாம் கட்டிய வரி. கரையேறியதும் மேலதிகாரிகள் செய்த முதல் வேலை, தங்களுக்கு போனஸ் எடுத்துக்கொண்டது. அனுபவசாலிகள் வேறு நிறுவனத்துக்கு ஓடிவிடக் கூடாதாம். எங்களை மூழ்கடித்த அனுபவம்தான். பணம் போட்டவர்களுக்கு மட்டும் 'கொஞ்சம் பொறுங்கள்'. அதைச் சொல்லும் திருப்பணி எனக்கு.

ஜுருவில் தொழிற்சாலை வேலை செய்யும் ஓர் அக்கா வாரம் தவறாமல் வருவார். அடுக்குமாடி வீடு ஒன்றுக்கு அவர் முன்பணம் கட்ட வேண்டும். சேமிப்பு முழுவதும் எங்களிடம் முடங்கிக் கிடந்தது. தைப்பூசம் வரும் மாதத்துக்குள் கட்டாவிட்டால் வீடு வேறொருவருக்குப் போய்விடும்.

போனஸ் செய்தி பத்திரிகையில் வந்ததும் ஊரே காறித் துப்பியது. போன பெயரை மீட்க எங்கள் தலைமை அதிகாரி முருகப்பெருமானைப் பிடித்தார். தைப்பூச ரதம் வரும் வழியில் நிறுவனத்தின் பேனரைக் கட்டி, லாரி நிறையத் தேங்காயை இறக்கினார். நிறுவனம் பிழைத்ததற்கு நேர்த்திக்கடனாம். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் தம்பிக்கும் உடைப்பார்கள் என்று அன்றுதான் பார்த்தேன்.

பட்டு வேட்டியில் தலைமை அதிகாரி உடைக்க உடைக்க, கூட்டத்திலிருந்து அந்த அக்கா வந்தார். குனிந்து சில்லுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டார்.

"என்னக்கா இது?" என்றேன்.

"என் வட்டி லா, தங்கச்சி. வேற எப்பக் கெடைக்கப் போகுது?"

பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டுவிட்டது. "எனக்கும் வட்டி!" என்று ஆளாளுக்கு இறங்கிவிட்டார்கள். தலைமை அதிகாரி அதைப் பக்திப் பெருக்கு என்று நினைத்து, படம் எடுக்கச் சொன்னார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மாதம் முடிந்ததும் அக்கா கவுண்டருக்கு வந்து ஒரு டப்பாவை நீட்டினார். உள்ளே தேங்காய் மிட்டாய்.

"வீடு போயிருச்சு, தங்கச்சி. இது அந்த வட்டியில செஞ்சது. ஒங்க பாஸுக்குக் குடு. போனஸுன்னு சொல்லு."

டப்பாவை மாடிக்குக் கொண்டுபோய், வீடு போன கதையையும் அக்கா சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் தலைமை அதிகாரியிடம் சொன்னேன்.

அவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கே. இன்னும் இருக்கா?"