வெடிச் சரத்தின் மேல் உட்கார்ந்தவர்

செவ்வாய்க்கிழமை காலை, திருத்தங்கலில் என் அச்சகத்தில் இந்த ஆண்டுப் பந்தய நோட்டீஸ் ஓடிக்கொண்டிருந்தபோது வண்டிக்காரர் கருப்பசாமி போன் செய்தார். "அண்ணாச்சி போயிட்டாக" என்றார். மெஷினை நிறுத்தினேன்.

பங்குனிப் பொங்கலை ஒட்டி வெம்பக்கோட்டைச் சாலையில் நடக்கும் குதிரைவண்டிப் பந்தயத்துக்கு இப்போதெல்லாம் தேனியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வண்டிகள் வருகின்றன. அதைத் தொடங்கியவர் தர்மராசு அண்ணாச்சி. அவரை அறியாதவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்துத் தீப்பெட்டிக் கட்டுகள் குதிரைவண்டியில்தான் சாத்தூர் ரயிலடிக்குப் போயின. யார் குதிரை முந்தும் என்று வண்டிக்காரர்களுக்குள் பேச்சு ஓயாது. "பேசிக்கிட்டே இருக்கீகளே, ஓட்டித்தான் பாருங்களேன்" என்று ஒரு பொங்கலுக்கு ஏழு வண்டிகளை வரிசையாக நிறுத்தினார் அண்ணாச்சி. அப்போது அவருக்கு முப்பது வயதிருக்கும். தகப்பனாரின் பட்டாசுக் கம்பெனியை ஏற்று நடத்திவந்தார். பந்தயம் தொடங்கத் தம் கம்பெனி வெடியையே கொண்டுவந்து, தாமே பற்ற வைத்தார்.

அந்தச் சத்தத்தில் கருப்பசாமியின் குதிரை மிரண்டு சாலையை விட்டு இறங்கியது. வண்டி கவிழ்ந்து அவருடைய தொடை எலும்பு முறிந்தது. மற்ற ஆறு வண்டிகளும் ஓடி முடித்தன. பரிசு வாங்க ஒருவரும் வரவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அண்ணாச்சியோடு நானும் போயிருந்தேன்.

"கால் கெடக்கட்டும் அண்ணாச்சி. என் லோடு வேற ஆளுக்குப் போயிட்டா அப்பறம் எனக்குத் திரும்பாது" என்றார் கருப்பசாமி.

"ஒன் லோடு எங்கயும் போகாதுலே."

ஆள் வைப்பார் என்று நினைத்தேன். அவரே ஓட்டினார். விடிந்ததும் தீப்பெட்டி ஆபீஸில் கட்டு ஏற்றி, சாத்தூரில் இறக்கிவிட்டுப் பிறகுதான் தம் கம்பெனிக்கு வருவார். முதலாளி வண்டியோட்டுகிறார் என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவருடைய தாயார் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தார். கருப்பசாமி எழுந்து நடக்கும்வரை, நாலு மாதம், அண்ணாச்சி விடவில்லை.

"சைக்கிள் டயர் வெடிச்சாக்கூட அந்தக் குதிர நடுங்கிப்போயி நின்னுருது தம்பி. அது கழுத்துல கைய வச்சுக்கிட்டு நானும் நிப்பேன். நான் பண்ணுன காரியந்தான" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அடுத்த ஆண்டு வெடி கூடாது என்றார். பந்தயக் குழுவில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "பட்டாசு ஊர்ல வெடி இல்லாம என்ன பந்தயம்? அந்த யாவாரம் பண்ற நீங்களே இப்படிச் சொல்லலாமா?" என்று கேட்டார்கள். அவர் வாதாடவில்லை. பந்தயத்தன்று சாலையோரத்தில் சரத்தை விரித்ததும் அதன் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டார்.

"எந்திரிங்க அண்ணாச்சி, வெயில் ஏறுது."

"சரத்தச் சுருட்டுங்க. எந்திரிக்கேன்."

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சாலையின் இருபுறமும் அம்புட்டு சனம். குழுவினர் அவரைச் சுற்றி நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கருப்பசாமி கம்பை ஊன்றிக்கொண்டு வண்டிகளின் முன்னால் வந்தார். தோளில் கிடந்த துண்டை உயர்த்திக் காட்டிவிட்டுக் கீழே வீசினார். வண்டிகள் கிளம்பிவிட்டன. அன்றிலிருந்து துண்டு வீசித்தான் பந்தயம் தொடங்குகிறது.

லாரிகள் வந்து லோடு வண்டிகள் நின்ற பிறகும் பந்தயம் நிற்கவில்லை. ஆணி அடித்த கம்போடு வந்த சாரதிகளை அண்ணாச்சி திருப்பி அனுப்பினார். "ஓடுறது குதிர. அது இஷ்டத்துக்கு ஓடட்டும்" என்பார்.

புதன்கிழமை அடக்கம் செய்தோம். மறுநாள் குழு கூடியது. இந்த ஆண்டு நிறுத்திவிடலாம் என்று இரண்டு பேர் மரியாதையை எண்ணித்தான் சொன்னார்கள். வாசலில் நின்ற அண்ணாச்சியின் மகள் செல்வி உள்ளே வந்தார்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப, நெஞ்சப் புடிச்சுக்கிட்டே ரோட்டுக் குழிகள எண்ணிக்கிட்டு வந்தாக. 'இதுல குதிர கால் விட்டா என்னாகும்'னாக. முதல்ல அத மூடுங்க."

எழுந்து மண்வெட்டி தேடப் போனோம்.

நேற்று பந்தயச் சாலையில் பாலம்வரை குழிகளை மூடிவிட்டோம். கருப்பசாமி காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தபடியே சரளையைத் தட்டித் தட்டி இறுக்கினார். செல்வி கூடையில் அள்ளிப் போட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் பாதித் தூரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்குள் முடித்துவிடுவோம். வண்டிகள் ஓடும். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள், அண்ணாச்சி.