ரெங்கராஜின் நெஞ்சுக்குள் ஓர் ஆள்

ரெங்கராஜுக்கு யாரும் வேலை சொல்ல வேண்டாம், சொல்வதற்குள் செய்துவிடுவான். வளைகுடாவில் நாங்கள் வேலை பார்த்த முசஃபா வொர்க்‌ஷாப்பில் வெல்டிங் பொறி விழுந்து சாக்கு பற்றினால், ஃபோர்மேன் வாயைத் திறப்பதற்குள் மணலை அள்ளிக் கொட்டியிருப்பான். அதனாலேயே ஃபோர்மேனுக்கு இவனைக் கண்டால் ஆகாது.

தொண்ணூற்றாறில், லீவில் ஊருக்குப் போக டிக்கெட் வந்த நேரம் பார்த்து இவனுக்கு நிமோனியா. அவன் இங்கே வந்தபிறகு பிறந்த மகள் ஜோதிமணியை அவன் இன்னும் பார்த்ததே இல்லை. காய்ச்சலோடு விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று பயந்து, என்னை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தான்.

கீழக்கரைக்காரரான டாக்டர் ஹபீப் முகம்மதுவுக்கு வாய் சும்மா இருக்காது. கேப்சூல் எழுதிக் கொடுத்ததோடு விட்டிருக்கலாம். நான் வேறு மணல் கதையைச் சொல்லித் தொலைத்தேன். உடனே பிடித்துக்கொண்டார்: நுரையீரலில் காமா டெல்டா டி செல் என்று ஒரு வகை உண்டாம். மற்ற டி செல்கள் கிருமியை அடையாளம் பார்த்து, பெருகி, கிளம்பி வர நாளாகுமாம். இவை சீக்கிரமே சத்தம் போட்டு மற்ற வெள்ளை அணுக்களைக் கூப்பிட்டுவிடுமாம். எலிகளில்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம்.

"ஒங்கள மாதிரிதான், உத்தரவுக்குக் காத்திருக்காது" என்றார்.

அதற்கப்புறம் ரெங்கராஜைக் கையில் பிடிக்க முடியவில்லை. காய்ச்சல் இறங்கியதும் மருந்தை நிறுத்தினான். மிச்சத்தை, நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப் வழக்கப்படி, ரூமில் இருமியவனுக்கெல்லாம் பங்கு வைத்தான். நான் கத்தினேன்.

"நம்ம ஆளு உள்ள டூட்டியில இருக்கான் பங்காளி. இந்த மருந்து எதுக்கு?" என்றான், நெஞ்சைத் தட்டி.

பயணத்துக்கு முந்தின நாள் காய்ச்சல் முன்னைவிட மோசமாக அடித்தது. மூச்சு வாங்கிக்கொண்டே மகள் பெயரைச் சொல்லி அழுதான். கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் எகிறினார். "கூப்புடுறதுதான் அதுக வேலை. வந்தவங்க அடிச்சு முடிக்க மருந்து வேணாமா? கிருமி பாதி உசுரோட இருக்கையில மருந்தப் பந்தி வச்சிட்டு வந்திருக்கீங்க."

டிரிப்ஸ் ஏறியது. டிக்கெட் போயிற்று.

பங்கு வாங்கி விழுங்கியவன்களைத் திட்டித் தீர்க்க ரூமுக்குப் போனேன். ஒருத்தனும் விழுங்கவில்லை. ஊருக்குக் கொண்டுபோக, சோப்புக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே அவனவன் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

எப்படியோ பிழைத்தான். வேறு டிக்கெட் போட்டோம். ஏர்போர்ட் வாசலில், டாக்டர் புதிதாகக் கொடுத்ததில் கடைசி கேப்சூலை விழுங்கினானா என்று கேட்டேன். பெட்டியைப் பின்னால் தள்ளினான். பெட்டியைத் திறந்தால், மகளுக்கு வாங்கிய கவுனுக்குள் சுருட்டி வைத்திருக்கிறான்.

"நாகவள்ளிக்கு இருமல்னு எழுதியிருந்தா பங்காளி" என்றான், பெண்டாட்டி மேல் அவ்வளவு கரிசனம்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். விழுங்கினான். நாக்கை நீட்டிக் காட்டச் சொன்னேன். காட்டிய பிறகுதான் பாஸ்போர்ட்டை அவன் கையில் கொடுத்தேன்.