பாயம்மா நகர்த்திய மிஷின்

ஊரே பாயம்மா என்று கூப்பிடும் அலிமா வீட்டில் எந்தச் சாமானும் ஒரே இடத்தில் நிலைத்து நின்றதில்லை. மளிகைக்கடையைப் பூட்டிவிட்டு வரும் அவள் கணவர் அஹமது பாட்சா, கட்டில் எங்கே இருக்கிறதென்று தேடிவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார். தங்கமான மனுஷி. கை மட்டும் சும்மா இருக்காது.

2006 கோடையில் செய்யாற்றை அளக்க அரவிந்தன் என்றொரு எஞ்சினியர் எங்கள் ஊருக்கு வந்தார். முந்தின மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. எவ்வளவு வெள்ளத்தை ஆறு தாங்கும் என்று கணக்குப் போட அதன் மேடு பள்ளம் தெரிய வேண்டுமாம். மரம் மறைக்காத மாடி அலிமாவுடையதுதான். அங்கே பெயிண்டால் ஒரு புள்ளி வைத்து, அதற்கு நேர் மேலே மூன்று கால் ஸ்டாண்டில் ஒரு ஜிபிஎஸ் மிஷினை நிறுத்தினார். இன்னொன்றைக் கம்பத்தில் மாட்டி, கூலிக்கு வந்த உள்ளூர்க்காரர் தாமோதரன் ஆற்றுக்குள் ஊன்றிக்கொண்டே போவார். மாடி மிஷின் அசையாமல் நின்றால்தான் ஆற்றில் எடுக்கும் உயரம் சரியாக வரும்.

தாமோதரன் கரையோரம் பயிர் வைப்பவர். ஒரு காலத்தில் குடித்தவர். மகள் சுதாவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் அடியோடு விட்டுவிட்டார்.

ஒருநாள் மதியம் அலிமா வீட்டுப் போர்வைகளையெல்லாம் துவைத்து மாடிக்குக் கொண்டு போனாள். கொடிக்கு நடுவே மிஷின். அதை ஸ்டாண்டோடு அலுங்காமல் தூக்கித் தண்ணீர்த் தொட்டி மேடையில் வைத்தாள். துணி காய்ந்ததும், ஆட்கள் வருவதற்குள், புள்ளியின் மேலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

அதற்குள் ஆற்றில் வினை நடந்துவிட்டது. தினமும் வேலையைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் பாலத்துக் கல்லில் கம்பத்தை ஊன்றிச் சரிபார்ப்பார்கள். அன்று மாலை அந்தக் கல் மிஷின் கணக்கில் காலையைவிட முக்கால் அடி கீழே இறங்கியிருந்தது. கல் இறங்குமா? டீக்கடை வாசலில், அத்தனை பேர் எதிரில், அரவிந்தன் கத்தினார்.

"கம்பத்தைக் கோணலாப் பிடிச்சிருக்கே. குடிச்சிட்டுத்தானே வந்தே? நாளையிலிருந்து வராதே!"

"சொட்டு கூடத் தொடல சார். நேராத்தான் புடிச்சேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். சுதாவைப் பெண் பார்க்க வரவிருந்த வாலாஜாபாத்காரர்கள் காதுக்கு இது எட்ட எவ்வளவு நேரமாகும்?

பாட்சா வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். முக்கால் அடி என்றதும் அலிமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொட்டி மேடையின் உயரம் அவ்வளவுதான்.

"நீ வாயத் தொறக்காத. பேஜாராப் பூடும்" என்றார் பாட்சா.

அவள் கேட்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஜீப்பில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த அரவிந்தனிடம் போனாள்.

"தம்பி, மிஷின நான்தான் நவுத்தினேன். தொட்டி மேடைல வெச்சேன்."

"ஏம்மா அங்க வெச்சீங்க?"

"ஒசரத்துல இருந்தா சாட்டிலைட்டுக்கு நல்லாத் தெரியும்னு நெனச்சேன். எங்க வெச்சா இன்னா, வானம் ஒண்ணுதானேப்பா?"

அரவிந்தன் தலையில் கைவைத்துக்கொண்டார். "இந்தக் கணக்கை நம்பிக் கரை கட்டியிருந்தா உங்க தெருதாம்மா முழுகும்."

அலிமாவுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"மிஷின நவுத்தினது நானு. அந்த மனுஷன குடிகாரன்னு சொன்னது நீ. என் பங்க நான் சொல்லிட்டேன்."

அரவிந்தன் கையிலிருந்த சாமானை ஜீப்பில் வைத்தார். பிறகு தாமோதரன் வீட்டுக்கு நடந்தே போய், அவரை அழைத்துக்கொண்டு டீக்கடைக்கு வந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, அலிமா வந்து சொன்னதைச் சொல்லி, தவறு தன்னுடையது என்று மன்னிப்புக் கேட்டார்.

"வுடுங்க சார். நீங்க வெளியூரு, உங்களுக்கு என்னைத் தெரியாது" என்றார் தாமோதரன். பெஞ்சில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "இவங்களுக்குத் தெரியும்."



மறுநாள் காலை கம்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவர், டீக்கடைப் பக்கம் திரும்பாமல் அலிமா வீட்டு வாசலில் போய் நின்றார்.

"பாயம்மா, ஒரு டீ குடுங்க."