மாமனார் கொடுத்த அலுமினிய சைக்கிள்

கல்யாணப் பேச்சின்போது எனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதுவும் வேண்டாம் என்கிற மாப்பிள்ளைக்குத் தலை தீபாவளிக்குள் ஸ்கூட்டர் ஒன்று தானாக வந்து நிற்கும் என்று ஆபீஸில் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். எண்பதுகளில் தர்மபுரிப் பக்கம் கவர்ன்மென்ட் குமாஸ்தாவுக்கு அந்த அளவு கிராக்கி இருந்தது. என் மாமனார் மட்டும் நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். “தங்கமான பையன், வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கல” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்தார்.

அவருக்கு டவுன் கடைத்தெருவில் அலுமினியப் பாத்திரக் கடை. குண்டான், தூக்குப்போசி, இட்லிப் பானை, கல்யாண மண்டபத்துக்கு அண்டா. சாமி கும்பிடுவதைவிட அலுமினியத்தை அதிகம் நம்பினார். எவர்சில்வர் வாங்கும் குடும்பங்கள் உருப்படாது என்பது அவர் கட்சி. அப்படிப்பட்டவரின் தம்பி பெங்களூரில் ஒரு மெஷின் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே வெளிநாடு போய்வந்த ஆபீசர் ஒருவர் வீடு காலி பண்ணும்போது தன் ரேஸ் சைக்கிளை விற்றார். அதன் ஃபிரேம் அலுமினியம் என்று தம்பி போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். மாமனார் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார்.

தலை தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால், கூடத்தில் சுவரோடு சாய்ந்து நிற்கிறது அது. சைக்கிளின் எலும்புக்கூடு மாதிரி இருந்தது. ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, பெல் இல்லை. ஹேண்டில்பார் ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி கீழே வளைந்திருந்தது.

“தூக்கிப் பாருங்க மாப்ள” என்றார். தூக்கினேன். ஒற்றைக் கையில் வந்தது.

“துரு புடிக்கவே புடிக்காதுங்க. ரொம்ப ஒசத்தியும் இல்ல, மட்டமும் இல்ல. நடுவாந்தரமான வெல. நம்மளுக்கு அதானே சரி?”

சைக்கிளைத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

என் மனைவி கதவோரம் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா, வருத்தப்படுகிறாளா என்று அப்போது எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அந்தச் சைக்கிளைப் பற்றி ஒரு சொந்தக்காரன் என்ற முறையில் சொல்கிறேன். சீட்டு என்று அதில் இருந்தது வேறு ஏதோ காரியத்துக்குச் செய்த கருவி. அதில் உட்கார்ந்து ஆபீஸ் போன முதல் வாரம், ஃபைல் பார்ப்பதெல்லாம் நின்றுகொண்டுதான். என்னுடைய சுறுசுறுப்பைப் பார்த்துத் தாசில்தாரே ஆச்சரியப்பட்டார். கொம்பைப் பிடித்து ஓட்டினால் முகம் தரையைப் பார்க்கும். எதிரே வருபவர்களுக்கு, நான் ரோட்டில் சில்லறையைத் தொலைத்துவிட்டுத் தேடுவதாகத் தோன்றும். “என்னா சார், ஹேண்டில்பாரத் தலைகீழா மாட்டிட்டானுங்களா?” என்று பேருந்து நிலையத்தில் ஒருவர் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

டயர் சுண்டுவிரல் அகலம். நம் ஊர் முள்ளுக்கு அதைப் பார்த்தாலே கொண்டாட்டம். காற்றடிக்கப் போனால் சைக்கிள் கடைக்காரர் வால்வைப் பார்த்துவிட்டுப் பம்பைக் கீழே வைத்தார்.

“இது கார் வால்வுங்க. நம்ம பம்பு சேராது. ஹைவேல லாரிக்கு அடிக்கிற எடத்துக்குப் போங்க.”

போனேன். பத்துச் சக்கர லாரிக்குப் பின்னால் வரிசையில் நின்று என் முறை வந்ததும், அங்கிருந்த ஆள் குழாயைச் செருகினார். படார் என்று ஒரு சத்தம். கட்டிலில் படுத்திருந்த டிரைவர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். டயர் இருந்த இடத்தில் டயர் இல்லை. புது டயருக்கு மாமனாரின் தம்பிதான் பெங்களூரிலிருந்து ஏற்பாடு செய்தார்.

இதில் எதையும் நான் மாமனாரிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டுக்கு வருவார். வந்ததும் சைக்கிளைத் தட்டிப் பார்ப்பார், அண்டாவைத் தட்டுகிற மாதிரி. “எப்படிங்க போவுது?” என்பார்.

“காத்து மாதிரி போவுதுங்க மாமா” என்பேன். அவர் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்த்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். போகப்போக எனக்கும் ருசி கண்டுவிட்டது. லாரியை முந்தினேன் என்றேன். மேட்டில் மிதிக்கவே வேண்டாம் என்றேன். என் மனைவி காபி டம்ளரை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான்.

தையில் மாமனாரின் தங்கை பேத்திக்குக் காதுகுத்து. அவர்கள் ஊர் தொப்பூர் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம். குடும்பமே பஸ்ஸில் கிளம்புவதென்று முடிவானபோது மாமனார் சொன்னார்: “நீங்க எதுக்கு மாப்ள பஸ்ஸுல நசுங்கணும்? சைக்கிள்ளயே வந்துருங்க. எங்களுக்கு முன்னாடி போயிச் சேந்துருவீங்க. சனங்களும் பாக்கட்டும்.”

நான் மனைவியைப் பார்த்தேன். “ஆமாங்க, காத்து மாதிரி வந்துருங்க” என்றாள். இப்போது அவள் முந்தானையால் வாயைப் பொத்தவில்லை.

காலையிலேயே கிளம்பினேன். கணவாய் தொடங்கும் இடம்வரை மிதித்ததில் எனக்கு உடம்பில் இருந்த ஈரமெல்லாம் சட்டைக்கு வந்துவிட்டது. வேட்டியில் ஓட்ட முடியாது என்று கல்யாணத்துக்குத் தைத்த பேண்ட்டைப் போட்டிருந்தேன். அதன் கால் பக்கம் செயினில் மாட்டி, கிரீஸ் அப்பிக் கிழிந்திருந்தது. மேட்டில் நின்று கீழே பார்த்தேன். ரோடு இரண்டு பக்கமும் மலையை வைத்துக்கொண்டு வளைந்து வளைந்து இறங்கியது. கருங்கல் ஏற்றிய லாரிகள் முனகிக்கொண்டு ஊர்ந்தன. ஓரத்தில் ஒரு லாரி, எப்போது கவிழ்ந்ததோ, சக்கரத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டே போய்விடலாம் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பின்னால் பஸ் ஹாரன். ஜன்னலில் மாமனார் தலை.

“மாப்ள! அந்தா மாப்ள! ஓட்டுங்க மாப்ள!”

ஏறி உட்கார்ந்தேன். வேறு வழி?

பஸ் என்னைத் தாண்டிப் போனது. சைக்கிள் தானாகவே உருள ஆரம்பித்தது. முதல் வளைவிலேயே எனக்கு ஒன்று தெரிந்துபோயிற்று: இது ஆபீஸ் போக, காய்கறி வாங்கச் செய்த சாமானே அல்ல. இதற்காகச் செய்தது. இத்தனை நாளாக நொண்டி மாதிரி தத்தியது, இப்போது ரோட்டை நக்கிக்கொண்டு ஓடியது. காற்று காதில் இரைந்தது. சட்டை பின்னால் படபடவென்று அடித்தது. சாய்ந்தால் திரும்பியது, நிமிர்ந்தால் நேரானது. பஸ் ஒரு கருங்கல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நகர்ந்துகொண்டிருந்தது. எதிரே எதுவும் வரவில்லை. இரண்டையும் தாண்டினேன். பஸ்ஸுக்குள் மாமனார், “அலுமினியம்! அலுமினியம்!” என்று கத்தியது எனக்குக் கேட்டது. அவர் கண்டக்டரிடம் சொன்னாரா, கடவுளிடம் சொன்னாரா தெரியாது.

அடுத்த வளைவில் பிரேக்கைப் பிடித்தேன். ரப்பர் தீய்ந்த நாற்றம் வந்தது, வேகம் குறையவில்லை. எனக்குத் தெரிந்த எல்லாக் கடவுள்களையும் கூப்பிட்டேன். பக்கத்து ஊர்க் குலதெய்வத்தைக்கூட விடவில்லை. தொப்பூரையும், அதன் பரோட்டாக் கடைகளையும், நான் திரும்பியிருக்க வேண்டிய மண் ரோட்டையும் தாண்டி வெகுதூரம் போய், ஒரு சின்ன மேட்டில்தான் நின்றது. இறங்கினேன். ரோட்டோரம் உட்கார்ந்து, பைத்தியக்காரன் மாதிரி தனியாகச் சிரித்தேன்.

திரும்பி மிதித்துக் காதுகுத்து வீட்டுக்கு வந்தபோது எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் போனவன் ஏன் பின்னால் வருகிறான் என்று யாரும் கேட்கவில்லை. மாமனார் அதற்குள் பந்தி முழுக்க என் புகழைப் பரிமாறி முடித்திருந்தார்.

கை கழுவும் இடத்தில் மனைவி தண்ணீர் ஊற்றினாள். கிழிந்திருந்த என் பேண்ட்டைப் பார்த்தாள்.

“இத்தினி நாளா எங்கப்பாகிட்ட சொன்னது பூராப் பொய்யிதானே?” என்றாள்.

“ஆமா.”

“இன்னிக்கு?”

கொஞ்சம் யோசித்தேன். “இன்னிக்கு உசுரு போயிட்டு வந்துச்சு. திரும்பவும் ஒருவாட்டி போலாம்னு இருக்கு.”

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். “எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க.”

நான் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அப்பா கடையில் சரக்கு ஏற்றும் சைக்கிளைச் சின்ன வயதிலேயே சந்தெல்லாம் ஓட்டியவள் அவள். சேலையோடு இந்தச் சைக்கிளில் ஏற முடியாது என்பது ஒன்றுதான் சங்கடம். கிழிந்துபோன அந்தக் கல்யாணப் பேண்ட்டைத் தைத்து, இடுப்பில் கயிறு கட்டிப் போட்டுக்கொண்டாள். விடிந்ததும் சந்தை மைதானத்துக்குப் போனோம். ஆடு மேய்க்க வந்த பெண்கள் இருவர் முதலில் வாயில் கை வைத்துச் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி, “எனக்கும் ஒரு சுத்து தருவியா அக்கா?” என்றாள். சீட்டைப் பற்றி மட்டும் என் மனைவி, பிறந்ததிலிருந்து அவள் வாயில் வராத ஒரு வார்த்தையைச் சொன்னாள்.

செய்தி கடைத்தெருவுக்குப் போகாமல் இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். சைக்கிளைத் தட்டவில்லை. மகளைப் பார்த்து, “பேண்ட்டு போட்டுகினு சுத்தறியாமே, வெக்கமா இல்ல?” என்றார்.

“சீட்டு கல்லுப்பா. பிரேக்கு புடிக்கல. டயரு மாசத்துல நாலுவாட்டி பஞ்சர். இவுரு உங்களுக்குப் பயந்துகினு சொல்லல” என்றாள் அவள்.

மனிதர் திகைத்து என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். வெட்கத்தைப் பற்றிக் கேட்க வந்ததை அவர் சுத்தமாக மறந்துவிட்டார்.

“அலுமினியத்துல ஒண்ணும் கொற இல்லியே?” என்றார் கடைசியில், மெல்லிய குரலில்.

“அலுமினியம் நல்லாத்தான்ப்பா இருக்கு.”

“அப்ப சரி” என்று காபியைக் குடித்தார். அடுத்த வாரம் தம்பியிடம் சொல்லிப் புதிய பிரேக் கட்டையும், பஞ்சு வைத்த சீட்டும் வரவழைத்தார். நான் ஸ்டாண்டும் கேரியரும் பெல்லும் உள்ள ஒரு கறுப்பு இரும்புச் சைக்கிள் வாங்கிக்கொண்டேன். துரு பிடிக்கும் என்று எச்சரித்துவிட்டுத்தான் அதற்கும் கொஞ்சம் பணம் கொடுத்தார். விடுமுறை நாட்களில் காலையில் இருவரும் ஹைவேயில் கிளம்புவோம். பேண்ட் போட்டவள் முதல் மேட்டிலேயே கண்ணுக்கு மறைந்துவிடுவாள். நான் மூச்சிரைக்க டீக்கடைக்குப் போய்ச் சேரும்போது, இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருப்பாள்.