பி.பி.எம். எடு என்று சொன்னவன்

நான் பொய் சொன்னேன். தெரியாமல் அல்ல, நன்றாகத் தெரிந்துகொண்டே சொன்னேன். ஃபைனான்ஸ் வேலைக்குப் போக விரும்பிய ஒரு பெண்ணிடம், ‘பி.காம் வேண்டாம், பி.பி.எம். எடு’ என்றேன். அவள் எடுத்தாள்.

இவ்வளவுதானா என்று நீங்கள் சிரிக்கலாம். ஊர் முழுக்க யாரோ யாருக்கோ இந்த யோசனையைச் சொல்லிக்கொண்டுதானே இருந்தார்கள்! ஆனால் அவர்களில் யாருக்கும் எனக்குத் தெரிந்தது தெரியாதே...

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா ஃபேக்டரியில் வெல்டர். ‘டிப்ளமோ படி, அப்ரண்டிஸாகச் சேர்த்துவிடுகிறேன்’ என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. பெங்களூரில் பி.பி.எம். படித்தேன். பிசினஸ் மேனேஜ்மென்ட்! அந்தப் பெயரைக் கேட்டதுமே கண்ணாடி அறையில் நாற்காலி போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்ட முட்டாள் நான்.

படித்து முடித்து ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். அந்த மனிதர் என் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். உள்ளே கணக்குப் பிரிவுக்கு பி.காம் படித்தவர்களை எடுப்பார்களாம். பி.பி.எம். மட்டும் படித்து வருபவர்களுக்கு வெளியே அலைகிற வேலைதானாம். ‘மேலே எம்.பி.ஏ. படிக்க முடிந்தால் வேறு விஷயம்’ என்றார்.

எங்கள் வீட்டு வசதிக்கு அது முடியாது. அலைகிற வேலையில் சேர்ந்தேன். வீடு வீடாகப் படியேறி ஆள் பிடிக்கும் வேலை. பகலெல்லாம் டை என் பையில் கிடக்கும். சாயங்காலம் ஊர் திரும்பும் ரயில் பங்காருப்பேட்டை வந்ததும் எடுத்துக் கட்டிக்கொள்வேன். எங்கள் ஊர் ஸ்டேஷன் கோரமண்டலில் இறங்கும்போது நான் ஆபீசராக இறங்க வேண்டுமல்லவா!

அந்த டையை நம்பித்தான் அந்தோணி அங்கிள் என்னைத் தேடி வந்தார். எங்கள் லைன் வீட்டு வரிசையில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தவர். தங்கச் சுரங்கத்தில், எங்கள் பேச்சில் மைன்ஸில், அண்டர்கிரவுண்ட் வேலை. கூடவே மூத்த மகள் பிலோமினா, பி.யூ.சி.யில், அதாவது ப்ளஸ் டூவில், கணக்கில் நல்ல மார்க் வாங்கியவள். உள்ளூர்க் கல்லூரியில் பி.காம் சீட் கிடைத்திருந்தது. ஃபீஸை மாதா கோயிலிலிருந்தே கட்டிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அவளுக்குள் ஒரு சந்தேகம்... என்னைப் பார்த்து வந்த சந்தேகம்.

“இத பாரு தம்பி,” என்றார் அங்கிள். “அண்டர்கிரவுண்ட்ல முன்னாடி போறவன் கம்பியால பாறையத் தட்டிப் பாப்பான். சத்தம் சரியா இருந்தாத்தான் வான்னு சொல்வான். அவன் வான்னுட்டா நாங்க மறுபேச்சு பேசமாட்டோம். எனக்கு இந்தப் படிப்பெல்லாம் இன்னா தெரியும்? நீதான் முன்னாடி போனவன். நீயே சொல்லு.”

உங்களுக்குப் புரிகிறதா? வாழ்நாளெல்லாம் அந்த ஒரு வார்த்தையை நம்பி உயிரோடு மேலே வந்தவர் அவர். அதே நம்பிக்கையோடுதான் என் முன்னால் உட்கார்ந்திருந்தார். நானோ தட்டிப் பார்த்தவன். உள்ளே பொள்ளல் என்று காதாரக் கேட்டவன்!

‘அங்கிள், நான் தப்பாகப் போய்விட்டேன், இவளாவது பி.காம் படிக்கட்டும்’... இந்த ஒரு வாக்கியம் போதும். வாய்வரை வந்தது. பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். அவர் எதிரில் தோற்றுப்போனதை ஒப்புக்கொள்வதா?

“பி.பி.எம். எடு பிலோ. ஃபைனான்ஸுக்கு அதான் சரி. பி.காம்லாம் கிளார்க் படிப்பு,” என்றேன்.

அங்கிள் என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாளே உள்ளூர் சீட்டை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

படிப்பின் மேல் குற்றமில்லை. வசதி இருந்து மேலே படித்தவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். பிலோமினா கடைசி வருடம் படிக்கும்போது மைன்ஸை மூடினார்கள். அங்கிள் வீட்டோடு உட்கார்ந்தார். அதற்குப் பின் அவள் எங்கே மேலே படிக்க? இன்று ஏதோ ஓர் ஏஜென்சிக்காக, பெங்களூரில் ஒரு கடை வாசலில் நின்றபடி, போவோர் வருவோரிடம் கிரெடிட் கார்டு ஃபாரம் நீட்டிக்கொண்டிருக்கிறாள். எத்தனை பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்களோ! கேட்டால், “ஃபைனான்ஸ் லைன்தாண்ணா,” என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது என்மேல் எனக்கு வருகிற எரிச்சல் இருக்கிறதே... ஒரு முறையாவது திட்டித் தொலைக்க மாட்டாளா!

பிலோமினாவும் நானும் தினமும் ஒரே ரயிலில்தான் பெங்களூர் போகிறோம். போன வாரம் காலை, கோரமண்டல் ஸ்டேஷனில் அவளோடு தங்கை ரோஸியும் நின்றிருந்தாள். பி.யூ.சி. கடைசி வருடம்.

“அண்ணா, அக்கா மாதிரி ஃபைனான்ஸுக்குப் போவணும்னா இன்னா எடுக்கணும்?”

“பி.காம் எடும்மா,” என்றேன். இதையாவது சொன்னேனே!

பிலோமினா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை, வெறும் ஆச்சரியம். “அப்ப எனக்கு இன்னாத்துக்குண்ணா பி.பி.எம். சொன்னீங்க?”

அதுதான் நேரம். இத்தனை வருடமாக நான் காத்திருந்த நேரம். ரயில்கூட இன்னும் வரவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை...

“அப்போ அதான் சரியா இருந்துச்சு பிலோ. இப்பதான் எல்லாம் மாறிடுச்சு.”

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு தலையாட்டினாள். தங்கையிடம் திரும்பி, “கேட்டுக்கினியா? அண்ணா சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றாள்.

ரயில் வந்தது. வழக்கம்போல் அவள் முந்திக்கொண்டு ஏறி, ஜன்னலோரத்தில் தன் பையை வைத்து எனக்கு ஓர் இடம் பிடித்து வைத்தாள்.

நான் போய் அதில் உட்கார்ந்துகொண்டேன்.