புரிஞ்சுதா சாரும் என் சாக்குமூட்டைப் பொத்தான்களும்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டவன். அதன் பிறகு ஒரு பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தேன் என்றால், வகுப்பறைக்குக் கருவி கொடுத்தவர் என்ற மரியாதையோடு, தலைமை ஆசிரியையே நாற்காலி எடுத்துப் போட, அப்படித்தான் வைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் என் மச்சானின் கதை நொண்டும்.

மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் தம்பி. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார். ஈர்க்குச்சி உடம்பு. சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, சாக்பீஸ் இருக்கும். சாக்பீஸ் பிடித்த கையால் தலையைத் தடவித் தடவி, நாற்பது வயதிலேயே அவனுக்கு நரைத்துவிட்டது என்று ஊரெல்லாம் நம்பியது. குளித்துவிட்டு வந்தால் முடி கறுப்பு.

ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் அவன் ஒரு கேள்வி கேட்பான்: "புரிஞ்சுதா?" வகுப்பு மொத்தமும் கூரையைப் பிய்த்துக்கொண்டு "புரிஞ்சுது சார்" என்று கத்தும். பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயரே 'புரிஞ்சுதா'தான். அவன் வராந்தாவில் திரும்பும்போதே, "டேய், புரிஞ்சுதா வருது, உக்காரு" என்று சத்தம் கேட்கும். முடிவெட்டும் இடத்தில்கூடப் பின்பக்கம் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று விளக்கிவிட்டு, "புரிஞ்சுதா?" என்பான். முடிவெட்டுகிறவரும் "புரிஞ்சுது" என்று சொல்லிவிட்டுத் தன் இஷ்டத்துக்கு வெட்டி அனுப்புவார்.

இனி என் பங்கு. நான் கைவண்டி தள்ளிப் பழைய இரும்பு வாங்கியவன். இன்றைக்கு மூன்று கிடங்கு, ஐந்து லாரி. எவன் கையையும் பிடித்து மேலே வரவில்லை. குப்பையில் எது குப்பை, எது காசு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிற கண் எனக்கு உண்டு. ஒரு பெரிய கம்பெனி தன் கூட்ட அரங்கை மூடிவிட்டு நாற்காலி முதல் வெள்ளைத் திரை வரை எல்லாவற்றையும் எடைக்குப் போட்டபோது, அதற்குள் ஒரு சாக்குமூட்டை கிடந்தது. உள்ளே உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் வரிசையாகப் பொத்தான்கள். வேறு எவனாவது என்றால் உடைத்துப் பிளாஸ்டிக் தனி, தகடு தனி என்று போட்டிருப்பான். நான் அங்கிருந்த காவலாளியிடம் கேட்டேன்.

"அதுங்களா? கூட்டத்துல ஒரு கேள்வி கேப்பாங்க. ஆளுக்கு ஒரு பொத்தானை அமுக்குவாங்க. எந்தப் பதிலுக்கு எத்தனை பேர்னு திரையில பட்டை பட்டையா எழும்பும். யாரு எதை அமுக்கினான்னு மட்டும் தெரியாது. முதலாளியைப் பிடிக்குதான்னு ஒரு தடவை கேட்டாங்க. அதோட மூட்டை கட்டிட்டாங்க."

மூட்டையை நான் தனியாக எடுத்து வைத்தேன். என் கண் அப்படி.

அந்த வாரமே மச்சான் வீட்டுக்கு வந்தான். முகம் கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருந்தது.

"என்னடா, பாம்பு கடிச்சுதா?" என்றேன்.

"தலைமை ஆசிரியை கூப்பிட்டாங்க அத்தான். என் கிளாஸ்ல பிள்ளைங்க கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறாங்களாம். பருவம் முடியறதுக்குள்ள ஒருநாள் வந்து உக்காந்து பாப்பாங்களாம். அப்பவும் இப்படியே இருந்தா, ஒன்பதாவது கணக்கு புதுசா வந்த டீச்சருக்கு. அவங்க படமெல்லாம் போட்டுக் காட்டுறாங்க. எனக்கு லைப்ரரி சாவி."

"நல்லதுதானே, நிம்மதியா உக்காரு."

"சாவிக்கு என்ன அத்தான் கணக்குச் சொல்லிக் குடுக்கறது?"

அதைக் கேட்டு எனக்குப் பொறுக்கவில்லை. "படம் என்னடா படம், என்கிட்ட இருக்கு பாரு சரக்கு" என்று மூட்டையை அவிழ்த்தேன். அவன் பள்ளிக்கூடத்துக் கணினி டீச்சர் ஒருத்தி, கெட்டிக்காரப் பெண், அரைநாளில் எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தாள். வகுப்பறையில் திரையை மாட்டியது நான். சுவரில் ஆணி அடிப்பதற்கு யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

முதல் நாள் நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மச்சான் சதவீதக் கணக்கை முக்கால் மணி நேரம் வெளுத்து வாங்கினான். "புரிஞ்சுதா?" என்றான். "புரிஞ்சுது சார்!" ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பிறகு கேள்வியைத் திரையில் போட்டான். ஒரு சட்டையின் விலையை இருபது சதவீதம் கூட்டி, கூட்டிய விலையில் இருபது சதவீதம் குறைத்தால், பழைய விலையைவிடக் கூடுமா, குறையுமா, அதேதானா?

பொத்தான்கள் டக் டக்கென்றன. பட்டைகள் எழும்பின. 'அதே விலை' மின்கம்பம் மாதிரி நின்றது. 'குறையும்' என்ற சரியான பதில், வெட்டிப் போட்ட மரத்தின் அடிக்கட்டை மாதிரி கிடந்தது.

மச்சான் திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அத்தான், உங்க பெட்டி பழுது."

யாரிடம் சொல்கிறான் பாருங்கள். நான் எழுந்து, "எல்லாரும் முதல் பொத்தானை அமுக்குங்கடா" என்றேன். முதல் பட்டை மட்டும் விறுவிறுவென்று மேலே போனது. "இப்ப ரெண்டாவது." இரண்டாவது போனது. "பெட்டி பத்தரைமாத்துத் தங்கம். வேற எங்க பழுதுன்னு நீயே பாரு" என்று உட்கார்ந்தேன். போன வாரக் கணக்கு ஒன்றைக் கேட்டுப் பார்த்தான். அதற்கும் அடிக்கட்டைதான். பிள்ளைகள் மேசைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து தட்டைத் தள்ளி வைத்தான். "நாப்பது பேரு, ஒரே குரல்ல புரிஞ்சுதுன்னு சொன்னாங்களே அக்கா. அத்தனையும் பொய்யா?"

என் வீட்டுக்காரி தட்டை அவன் பக்கமே திருப்பி நகர்த்தினாள். "பொய்யின்னு எதுக்குச் சொல்றே? நானும் அப்படித்தான் சொல்வேன்."

"நீயா? எப்ப?"

"சின்னதுல வட்டிக் கணக்குச் சொல்லிக் குடுப்பியே. புரிஞ்சுதுன்னு சொன்னாத்தான் என்னை எழுந்திரிக்க விடுவே. எனக்குத் துணி ஊறிக்கிட்டு இருக்கும்."

"அப்ப உனக்கு அது புரியலையா?"

"இப்பவும் புரியலை. நீ 'புரிஞ்சுதா'ன்னு கேக்கறப்பவே அடுத்த கணக்குக்குச் சாக்பீஸை எடுத்துடுவே தம்பி. இல்லைன்னு சொல்றதுக்கு எங்க நேரம்?"

அவன் நிமிர்ந்து, "புரியாமலே புரிஞ்சுதுன்னு சொன்ன முதல் ஆளே நீதானா" என்றான். பிறகு தட்டை இழுத்துச் சாப்பிட்டான். எதைச் சாப்பிட்டான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

மறுநாளிலிருந்து ஆளே மாறிவிட்டான். கேள்வியை முதலில் போடுவான். எல்லாரும் அழுத்துவார்கள். பட்டையைப் பார்த்துவிட்டு விடையைச் சொல்ல மாட்டான். "பக்கத்துல இருக்கறவன்கிட்டச் சண்டை போடுங்க. வாயால மட்டும்" என்பான். சந்தைக்கடை தோற்கும் இரைச்சல். பிறகு மறுபடி அழுத்தச் சொல்வான். பட்டைகள் இடம் மாறியிருக்கும். மாறாவிட்டால் அங்கே பாடம் நடத்துவான். அடுத்த அறை வரலாற்று ஆசிரியர், "சார், என் பேரரசு உங்க கிளாஸ் சத்தத்துல விழுந்துடும் போல இருக்கு" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிள்ளைகள் சும்மா இருக்குமா? ஒருநாள் பட்டைகள் அச்சு அசலாகப் படிக்கட்டு மாதிரி வந்தன. கூட்டுச்சதி. யார் எதை அழுத்துவது என்று பேசி வைத்துக்கொண்டு அமுக்கியிருக்கிறார்கள். நானாக இருந்தால் காதைத் திருகியிருப்பேன். மச்சான் திரையை ரசித்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. நாளைக்கு எனக்கு நடுவுல மேடு, ரெண்டு பக்கமும் ஒரே சரிவு வேணும். சராசரி சரியா மூணு வரணும். யாரு எதை அமுக்கறதுன்னு நீங்களே கணக்குப் போடுங்க" என்றான். அந்தப் பயல்கள் சாப்பாட்டு இடைவேளையில்கூட உட்கார்ந்து போட்டார்கள். சதிக்காகக் கணக்குப் போட்ட வகுப்பு உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும். பொத்தான் யாருடையது என்பதை மறந்துவிடாதீர்கள்.

தலைமை ஆசிரியை வந்தார். கையில் ஒரு தாள், மூக்கு நுனியில் கண்ணாடி. அன்றைக்கும் கடைசி பெஞ்சில் இருந்த எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மச்சான் நெற்றியைத் துடைத்ததில் அதுவும் வெள்ளையாகிவிட்டது. வட்டத்தின் ஆரம் இரண்டு மடங்கானால் பரப்பு எத்தனை மடங்காகும் என்று கேட்டான்.

முன் பெஞ்சில் ஒரு பெண் உண்டு. பட்டப்பெயர் கால்குலேட்டர். அவள் இருமினாள். மூன்று முறை. பொத்தான்கள் டக்கென்று ஒரே சத்தமாக விழுந்தன. மூன்றாவது பட்டை மட்டும் தன்னந்தனியாக உச்சிவரை போய் நின்றது. நாலு மடங்கு. ஒருத்தர்கூடத் தப்பு இல்லை.

"பிரமாதம்" என்று தலைமை ஆசிரியை பேனா மூடியைத் திறந்தார். அப்பாடா, சாவி தப்பித்தது என்று நான் காலை நீட்டினேன்.

மச்சான் திரையைப் பார்த்தபடி நின்றான். "மேடம், எழுதாதீங்க. இது நிஜமில்லை" என்றான்.

வாயை மூடு என்று நான் கண்ணால் சொன்னேன், புருவத்தால் சொன்னேன். அவன் என் பக்கமே திரும்பவில்லை.

"யாருக்கு இருமல்?"

கால்குலேட்டர் மெதுவாக எழுந்தாள். "எனக்கு சார்."

"எதுக்கும்மா?"

"நீங்க லைப்ரரிக்குப் போகக் கூடாதுன்னு சார்."

மச்சான் திரும்பிக் கரும்பலகையைத் துடைத்தான். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. துடைத்து முடித்துவிட்டு, "உக்காரு. இப்ப ஒரு புதுக் கேள்வி. இதுக்கு யாரும் இருமக் கூடாது. மேடம், ரெண்டு பெட்டி மிச்சம் இருக்கு. நீங்களும் அத்தானும் ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க" என்றான்.

கேள்வி இதுதான். ஒரு லாரி போகும்போது மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகம். அதே வழியில் திரும்பும்போது அறுபது. மொத்தப் பயணத்துக்கும் சராசரி வேகம் என்ன?

ஐந்து லாரி வைத்திருக்கிற என்னிடமே லாரிக் கேள்வி. பட்டென்று அழுத்தினேன். தலைமை ஆசிரியையும் அழுத்தினார். நாற்பத்தைந்து என்ற பட்டை மின்கம்பமானது. நாற்பது என்ற பட்டை அடிக்கட்டை. மச்சான் கையைத் தட்டி, "சண்டையை ஆரம்பிங்க" என்றான்.

"ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா முடிஞ்சுது, இதுல என்னடி இருக்கு?"

"முடியலைடா. போறப்போ மெதுவா போறான். அந்த வேகத்துல ரொம்ப நேரம் ஓட்டுறான். ரெண்டும் எப்படிச் சமம்?"

"எத்தனை கிலோமீட்டர்னே சொல்லலையே."

"அறுபதுன்னு வெச்சுக்கோ. போக ரெண்டு மணி நேரம், வர ஒரு மணி நேரம். மூணு மணி நேரத்துல நூத்தியிருபது."

"அட ஆமா. நாப்பது."

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். தலைமை ஆசிரியை மதிப்பெண் போட வேண்டிய தாளின் ஓரத்தில் இரண்டு, ஒன்று, நூற்றியிருபது என்று எழுதிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் முறை நாற்பது எழும்பியது. நாற்பத்தைந்திலும் கொஞ்சம் பேர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். "யாருக்கு இன்னும் புரியலை?" என்றான் மச்சான். ஒரு கை உயர்ந்தது. இன்னொன்று. ஜன்னல் ஓரத்தில் மூன்று. அவன் சாக்பீஸோடு ஜன்னல் ஓரம் போனான். மணி அடித்தது. எவனும் பையைத் தூக்கவில்லை. என் பக்கத்தில் இருந்தவரும் எழுந்திருக்கவில்லை.

வராந்தாவில் தலைமை ஆசிரியை மச்சானை நிறுத்தினார். "சார், முதல் தடவை நாப்பத்தஞ்சை அமுக்கினதுல நானும் ஒருத்தி."

"இருக்கட்டும் மேடம். அது யாருக்கும் தெரியாது."

"தெரியாததாலதான் தைரியமா அமுக்கினேன்." கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பினார். "லைப்ரரி சாவி என்கிட்டயே இருக்கட்டும். அடுத்த வாரமும் வருவேன். அந்தப் பெட்டியை எனக்குன்னு எடுத்து வைங்க."

வீட்டில் என் பெருமையை நான் விலாவாரியாகச் சொன்னேன். மூட்டை, ஆணி, திரை எல்லாம். வீட்டுக்காரி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீங்க எதை அமுக்கினீங்க?" என்றாள்.

"நாப்பதுதான்."

"எந்தத் தடவை?"

மச்சான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். புரையேறிவிட்டது. அவள் அவன் தலையில் தட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "அந்த வட்டிக் கணக்கை இன்னொரு தடவை சொல்லு தம்பி."

அவன் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து மேசை மேலேயே எழுதினான். அசல், வருஷம், வட்டி. பாதியில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தான். வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை.

"புரியலை" என்றாள் அவள்.

"சரி, வேற மாதிரி சொல்றேன்" என்று அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். அழித்தது சட்டைக் கையால். அது தேக்கு மேசை, என் சொந்தச் சம்பாத்தியம். வேறு எவன் அதில் ஒரு கோடு போட்டிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்.