துடைத்துவிட்ட ஈரம்

அக்கா போய் ஒரு வருடம்; ஆட்டத்திவசத்துக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில் இந்த நினைவு மலர் இருக்கிறது. அக்காவைப் பற்றி நல்லதை மட்டும் எழுதித் தரும்படி அத்தான் கேட்டார். அக்காவில் சொல்ல ஒரு குறையும் இல்லை. குறை என்னுடையது. அதை எழுதாமல் இந்தப் பக்கத்தை முடிக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

சாவகச்சேரியில் பிறந்த அக்கா, பெற்றோரை இழந்தபின் எனக்குத் தாயானார். கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் சிறிய வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஜான்-டலோன் சந்தையில் கீரைக்கட்டுக் கட்டி, இரண்டாயிரமாம் ஆண்டில் அகதியாய் வந்த என்னையும் சேர்த்துச் சோறு போட்டார். கோபம் வந்தால் பிரெஞ்சில் ஏசுவார், எங்களுக்கு விளங்கக்கூடாதென்று.

யன்னலோரம் அவர் வளர்த்த திருநீற்றுப்பச்சையைக் கேட்டு, கீழ்வீட்டு ஹெய்ட்டிப் பெண்மணி மதாம் ரோஸ் வருவார். அவர்களின் வழிபாட்டில் அது கண்ணூறு கழிக்கும் இலை. பறிக்குமுன் செடியிடம் அனுமதி கேட்பார். பிறகு அக்காவும் கேட்டுத்தான் பறித்தார், யாழ்ப்பாணத் தமிழில்.

அக்காவுக்கு நோய் முற்றி வைத்தியர்கள் கைவிரித்தபோது, மதாம் ரோஸ் ஒரு பேசினில் தண்ணீர் நிரப்பி, அதில் திருநீற்றுப்பச்சையும் நாரத்தை இலையும் கசக்கி, தங்கள் தெய்வங்களைப் பாடி அழைத்து, அக்காவின் தலையில் வார்த்தார். போகும்போது பிரெஞ்சில் ஏதோ வற்புறுத்திச் சொன்னார்.

"துடைக்கக் கூடாதாம். தானாக் காயோணுமாம்," என்றார் அக்கா.

வெளியே பனி. அக்காவின் உதடு நடுங்கியது. ஈரத்தலையோடு இருந்தால் தடிமன் பிடிக்கும் என்று அக்கா சொல்லி வளர்த்த பிள்ளை நான். துவாயை எடுத்துத் துடைத்துவிட்டேன்.

மறுநாள் மதாம் ரோஸ் வந்து கேட்டார். அக்கா முந்திக்கொண்டு பதில் சொல்லி அனுப்பினார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"தானாக் காய்ஞ்சது எண்டு சொல்லிப்போட்டன். நீ பயப்பிடாதை."

மூன்றாம் வாரம் அக்கா போய்விட்டார். நோய்தான் கொண்டுபோனது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் துவாயை அதற்குப்பின் நான் எடுத்ததில்லை.

சமைத்துத் தந்த அயலவர்கள், முகம் சுளிக்காத தாதியர், தேவாரம் பாடிய பிள்ளைகள், தோள் கொடுத்த உறவுகள் எல்லாருக்கும் எங்கள் நன்றி. மதாம் ரோசுக்கு மட்டும் உண்மையைச் சொல்லாமல் நன்றி சொல்ல முடியவில்லை. நேற்றுக் கீழே போய், என் அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் இலை கசக்கிய தண்ணீரில் என் இரண்டு கைகளையும் நனைத்து அனுப்பினார்.

மேலே வந்து, அவை தானாகக் காயும்வரை இருந்தேன். பிறகுதான் பேனாவை எடுத்தேன்.